வியாழக்கிழமைகளில் எழுந்த ஆலயம்



கட்டடக்கலை பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். பெரிய கோயில்கள், அரண்மனைகள், பாலங்கள் பற்றியெல்லாம் பேச ஆள் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது மிகச் சிறியது. இந்த அரங்கத்தின் ஒரு மூலையில் அடங்கிவிடக்கூடியது. இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்தில், கில்ட்ஃபோர்ட் நகரத்துக்குப் பக்கத்தில், காம்ப்டன் என்ற கிராமத்தின் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் சிற்றாலயம். 1898-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. கட்டியவர் மேரி வாட்ஸ் என்ற பெண்மணி. அவருடைய பெயரை இந்த ஒரு மணி நேரத்தில் பலமுறை சொல்லப் போகிறேன். காரணம் கடைசியில் தெரியும்.

முதலில், கல்லறைத் தோட்டத்துச் சிற்றாலயம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். அது விசித்திரமான கட்டடம். அங்கே ஞாயிறு ஆராதனை கிடையாது, கல்யாணம் கிடையாது, ஞானஸ்நானம் கிடையாது. பெட்டி உள்ளே வரும், ஜெபம் நடக்கும், பாட்டு ஒன்றோ இரண்டோ பாடுவார்கள், பிறகு பெட்டி குழிக்குப் போய்விடும். வருகிறவர்கள் யாரும் கட்டடம் பார்க்க வருகிறவர்கள் அல்ல. அழுத கண்ணோடு தலையைக் குனிந்து நிற்கிறவர்கள். அந்தச் சொற்ப நேரத்தில், தலை நிமிர்ந்தால் அவர்கள் கண்ணில் என்ன பட வேண்டும்? இதைத் தீர்மானிப்பதுதான் கட்டுகிறவரின் வேலை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இங்கிலாந்தில் இறந்தவர்களை ஆலயத்தைச் சுற்றியே அடக்கம் செய்தார்கள். ஊர் பெருத்தது, நிலம் நிரம்பியது, காலரா வந்தது. 1850-களில் அடுத்தடுத்து வந்த அடக்கச் சட்டங்கள் நெரிசலான ஆலய வளாகங்களை மூட வைத்தன. ஊருக்கு வெளியே பொதுக் கல்லறைத் தோட்டங்கள் வந்தன. பல தோட்டங்களில் இரண்டு சிற்றாலயங்கள் கட்டினார்கள்: ஒன்று ஆங்கிலிக்கன் சபைக்கு, மற்றது மற்றச் சபையாருக்கு. செத்த பிறகும் வாசல் வேறு வேறுதான்! இரண்டும் பெரும்பாலும் ஒரே மாதிரியான கோதிக் பாணி, கூரிய வளைவு, சாம்பல் நிறக் கல். ஒப்பந்தக்காரர் ஓர் ஊரில் கட்டியதையே அடுத்த ஊரிலும் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார் என்று நினைக்கும்படி இருக்கும்.

காம்ப்டனின் பழைய ஆலயமான புனித நிக்கொலஸ் ஆலய வளாகமும் நிரம்பிவிட்டது. 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இங்கிலாந்தின் கிராமங்களில் ஊர் மன்றங்கள் உருவாயின. அப்படி உருவான காம்ப்டன் மன்றம், 1895-இல் பட்பரோ என்ற குன்றின் சரிவில் புதிய கல்லறைக்கு நிலம் வாங்கியது. அதில் சிற்றாலயம் கட்டித் தருகிறேன் என்று முன்வந்தவர்தான் மேரி வாட்ஸ்.

மேரி பிறந்தது இந்தியாவில், 1849-இல். தகப்பனார் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் இருந்தவர். வளர்ந்தது ஸ்காட்லாந்தில், லாக் நெஸ் ஏரிக்கரையில், பாட்டி தாத்தா வீட்டில். லண்டனில் சவுத் கென்சிங்டனிலும் ஸ்லேடு கலைப்பள்ளியிலும் படித்தார். வைட்சேப்பலில் தெருவோரம் செருப்புக்குப் பாலிஷ் போடும் பையன்களுக்குக் களிமண்ணில் உருவம் செய்யக் கற்றுக்கொடுத்தார். 1886-இல் புகழின் உச்சியில் இருந்த ஓவியர் ஜார்ஜ் ஃபிரடெரிக் வாட்ஸை மணந்தார். அவருக்கு 69 வயது, இவருக்கு 36. தேனிலவுக்கு எகிப்து, கான்ஸ்டான்டினோபிள், கிரேக்கம் என்று சுற்றினார்கள். அந்தப் பயணத்தில் கண்ட வடிவங்கள் பிற்பாடு இந்தச் சுவர்களில் வந்து சேர்ந்தன. காம்ப்டனில் அவர்கள் கட்டிக்கொண்ட வீட்டுக்கு லிம்னர்ஸ்லீஸ் என்று பெயர். அந்த வீட்டு நிலத்திலேயே நல்ல களிமண் கிடைத்தது. இது அதிர்ஷ்டம்தான், ஆனால் களிமண் கிடைத்த எல்லோரும் ஆலயம் கட்டிவிடவில்லை.

மேரி செய்தது இதுதான். ஊர் மக்களைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். ஒவ்வொரு வியாழக்கிழமை மாலையும் சுடுமண் வகுப்பு. அன்றைக்கு இங்கிலாந்தில் வீட்டுக்கலை, கைத்தொழில் சங்கம் என்று ஓர் இயக்கம் இருந்தது. 1884-இல் தொடங்கியது. ஏழை எளியவர்கள் ஓய்வு நேரத்தில் கைவேலை கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அதன் நோக்கம். மேரி அதில் ஈடுபாடு கொண்டவர். வகுப்புக்கு வந்தவர்கள் சிற்பிகள் அல்லர். அந்த ஊர்க்காரர்கள், அவ்வளவுதான். எழுபது பேருக்கு மேல் இந்தச் சிற்றாலயத்தில் கை வைத்தார்கள்.

சுடுமண் வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். களிமண்ணைப் பிசைந்து காற்றுக்குமிழி இல்லாமல் அடிக்க வேண்டும். ஈரம் உள்ளே தங்கினால் சூளையில் வெடிக்கும். பெரிய உருவத்தை ஒரே துண்டாகச் சுட முடியாது. பல துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் முதுகையும் குடைந்து, கனம் எங்கும் ஒரே மாதிரி ஆக்க வேண்டும். இல்லாவிட்டால் காயும்போது கோணும், விரியும். ஈரம் போகப் போக மண் சுருங்கும். காய்ந்து சுட்டு எடுக்கும்போது, பத்தில் ஒரு பங்கு வரை சிறுத்திருக்கும். ஆகவே, சுவரில் எவ்வளவு இடமோ அதைவிடப் பெரிதாகவே வனைய வேண்டும். ஒரு வியாழனில் வனைந்து முடியாத களிமண் ஓட்டை அடுத்த வியாழன் வரை ஈரத்துணி போர்த்திக் காக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகு பக்கத்து ஓட்டின் கொடிப்பின்னலும் இந்த ஓட்டின் கொடிப்பின்னலும் சுவரில் சேரும்போது கோடு விலகாமல் ஓட வேண்டும். பக்கத்து ஓட்டைச் செய்தவர் வேறொருவர். ஒருவர் கவனம் பிசகினால் இருவர் வேலையும் கெடும்.

இனிக் கட்டடத்தின் அமைப்பு. ஒரு வட்டம், அதை ஊடறுத்து நான்கு கைகளும் ஒரே நீளம் உள்ள கிரேக்கச் சிலுவை. மேலிருந்து பார்த்தால் வட்டத்தின் நான்கு பக்கமும் சிலுவையின் நுனிகள் சற்றே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வட்டம் முதலும் முடிவும் இல்லாத நித்தியம், சிலுவை விசுவாசம். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் வயல்வெளிகளில் நிற்கும் பழைய கெல்டியக் கற்சிலுவைகளில் இதே வட்டமும் சிலுவையும் பின்னிக் கிடப்பதைப் பார்க்கலாம். சிறு வயதில் ஸ்காட்லாந்தில் வளர்ந்தவர் அதையே படுக்கப் போட்டுத் தரைப்படமாக்கினார் என்று எனக்குத் தோன்றுகிறது.

கட்டடம் முழுக்கச் சிவப்பு. ஆங்கிலேயக் கிராமத்தின் பச்சைக்கு நடுவே, மழை பெய்த பிறகு, கண்ணைப் பறிக்கும் சிவப்பு. செங்குத்தான பாதையில் ஏறி வருகிறவர்களுக்கு முதலில் தெரிவது வாசல்தான். கூரிய கோதிக் வளைவு இல்லை. அரைவட்டமான ரோமனெஸ்க் வளைவு. அடுக்கடுக்காக உள்வாங்கிப் போகிறது. அதில் தேவதூதர்களின் முகங்கள் வரிசையாக. கிட்டப் போய்ப் பார்த்தால், ஒரு முகம் மாதிரி இன்னொன்று இல்லை. ஒன்றுக்குக் கன்னம் உப்பியிருக்கிறது, இன்னொன்று எங்கேயோ பார்க்கிறது. கை பழகியவர் செய்ததும் பழகாதவர் செய்ததும் பக்கத்தில் பக்கத்தில். முகங்களுக்கு இடையே கெல்டியப் பின்னல் கொடி. ஒரே இழை எங்கும் அறுபடாமல் மேலும் கீழும் புகுந்து ஓடும் பின்னல் அது.

சுவரைச் சுற்றி ஓடும் சுடுமண் பட்டையில் நான்கு பகுதிகள்: நம்பிக்கையின் ஆவி, சத்தியத்தின் ஆவி, அன்பின் ஆவி, ஒளியின் ஆவி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பறவை. மயில், ஆந்தை, கூழைக்கடா, கழுகு. இந்தப் பறவைகளைப் பார்த்ததும் நமக்கு வேறு நினைப்பு வரும், அது இயல்பு. மயில் என்றதும் முருகன் வருவான். ஆனால் அவனுக்கு இங்கே வேலை இல்லை. மயிலின் இறைச்சி அழுகாது என்று பழங்காலத்தில் நம்பினார்கள். அதனால் ஆதிக் கிறிஸ்தவர்கள் ரோமாபுரியின் நிலவறைக் கல்லறைகளிலேயே மயிலை வரைந்தார்கள். உயிர்த்தெழுதலின் அடையாளம் அது. கூழைக்கடா தன் அலகால் மார்பைக் கிழித்து, வடியும் ரத்தத்தைக் குஞ்சுகளுக்கு ஊட்டும் என்பது இடைக்கால நம்பிக்கை. உண்மையில் அது மீனைத்தான் ஊட்டுகிறது. ஆனாலும் கிறிஸ்துவின் பலிக்கு அதைவிட நல்ல உருவம் கிடைக்கவில்லை. கழுகு கண் கூசாமல் சூரியனைப் பார்க்கும் என்று நம்பினார்கள்; அதனால் ஒளிக்கு அது. ஆந்தைதான் நம்மைக் கொஞ்சம் இடறும். சுடுகாட்டில் ஆந்தை என்றால் நம் வீட்டுப் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். அங்கே அது கிரேக்கர்களின் ஏதீனா தேவியிடமிருந்து வந்த ஞானப் பறவை, இருட்டிலும் பார்க்கிற பறவை. கல்லறையில் சத்தியத்தைக் காட்ட வேண்டும் என்றால் இருட்டில் பார்க்கிற கண் பொருத்தம்தானே.

இத்தனை குறியீடுகளுக்கும் விளக்கம் சொல்லி மேரி ஒரு சிறுநூல் எழுதினார். இந்தப் பறவை இதைக் குறிக்கும், இந்த முடிச்சு இதைக் குறிக்கும் என்று பட்டியல்போலச் சொல்லிக்கொண்டு போகிறார். ஆராய்ச்சியாளருக்கு அது பொக்கிஷம். ஆனால் அந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு இந்தச் சுவரைப் பார்ப்பது நல்ல வழி இல்லை என்பது என் கட்சி. குறியீட்டுக்கு அர்த்தம் தெரிந்தவுடன் கண் அடுத்ததற்குத் தாவிவிடுகிறது. எகிப்து, யூத மரபு, கெல்டியம், கீழைத் தேசம் என்று எங்கெங்கிருந்தோ எடுத்த சின்னங்கள் இவை. வெறும் பட்டியலாக இருந்திருந்தால், படித்த சீமாட்டி ஒருத்தியின் நோட்டுப் புத்தகம் என்று ஒதுக்கிவிடலாம். அப்படி ஒதுக்க முடியாதபடி செய்வது அந்த வியாழக்கிழமைகள். அன்பின் கூழைக்கடாவைத் தாங்கும் பட்டையை வனைந்து அடுக்கியது காம்ப்டன் ஊர். அந்தக் குன்றில்தான் அந்த ஊராரும் ஒரு நாள் படுக்கப் போகிறார்கள். தன் அப்பாவின் பெட்டிக்குப் பின்னால் அந்த வாசலுக்குள் நுழைகிற மகன், அந்த வளைவில் அப்பா செய்த ஓடு எது என்று அறிந்திருக்கக்கூடும். எந்தச் சின்னத்தின் அர்த்தமும் அந்த அறிவுக்கு ஈடாகாது. இந்தச் சொற்பொழிவில் நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

சரி, உள்ளே போவோம்.

வெளியே ஒரே சிவப்பு. உள்ளே தங்கமும் மங்கிய சிவப்பும் கரும்பச்சையும் நீலமும். சன்னல்கள் ஒடுங்கியவை. கதவு சாத்தினால் மாலைப் பொழுதின் வெளிச்சம்தான். தரையிலிருந்து உச்சி வரை ஒரு சாண் இடம்கூட வெறுமையாக இல்லை. அடியில் ஜீவவிருட்சத்தின் வேர்கள். கொடிகளும் கிளைகளும் பின்னிப் பின்னி மேலே போய், உச்சியில் நித்தியத்தின் வட்டத்தில் முடிகின்றன. நடுவே இறகு விரித்த தூதர்கள் இரண்டிரண்டு பேராக நிற்கிறார்கள். ஒருவர் நம்மைப் பார்த்தபடி, ஒருவர் முதுகு காட்டியபடி. பார்ப்பவர் ஒளியின் பக்கம், திரும்பி நிற்பவர் இருளின் பக்கம். அவர்களோடு இரட்டைச் சொற்களாகக் குறியீட்டு வட்டங்கள்: வாழ்வு, சாவு, உழைப்பு, ஓய்வு, விடுதலை, ஒருமை. இருளின் தூதரைப் பயங்கரமானவராகக் காட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். கொம்பில்லை, மண்டையோடு இல்லை. முகம் நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். சாவைப் பற்றி இதைவிடப் பண்பாக ஒரு சுவர் பேசி நான் பார்த்ததில்லை.

இந்தப் புடைப்புருவங்கள் செய்த முறையும் சுவையானது. மேரியின் கணவர் சிற்பமும் செய்தவர். லண்டன் கென்சிங்டன் பூங்காவில் குதிரைமேல் ஒருவன் அமர்ந்திருக்கும் 'உடல் ஆற்றல்' என்ற வெண்கலச் சிலையை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம், அவர் செய்ததுதான். ஈரக் களிமண் அவருடைய முடக்குவாத உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பசையும் நறுக்கிய நாரும் கலந்த சாந்தில் வேலை செய்தார். காய்ந்த பிறகும் வெட்டலாம், ஒட்டலாம். மேரி அந்த வித்தையைக் கட்டடத்துக்குள் கொண்டுவந்தார். சாந்தில் தோய்த்த நாரைப் படிய வைத்து உருவம் எடுத்து, மேலே வண்ணமும் பொன்னும் பூசினார். சுண்ணாம்புச் சுதையில் கோபுரப் பொம்மை செய்கிற நம் ஸ்தபதிகளுக்கு இது அந்நியமான வேலை இல்லை. உள்வேலை 1904 வரை நீண்டது. இதில் ஊர் முழுக்கக் கை வைக்கவில்லை. மேரியும் தேர்ந்த சிலருமே செய்தார்கள்.

எனக்கு அந்த வித்தியாசம் தெரிகிறது. வெளிச்சுவரில் கைகள் பல. உள்ளே மனம் ஒன்றே. வெளியே மூச்சுவிட இடம் உண்டு, உள்ளே இல்லை. இயன் நெய்ர்னும் நிகோலஸ் பெவ்ஸ்னரும் எழுதிய, சர்ரே மாவட்டக் கட்டடங்கள் பற்றிய நூலில் இந்த உள்ளறைக்குப் புகழுரை அதிகம் இல்லை. மயக்கம் தருகிற அறை என்ற தொனியிலேயே எழுதியிருக்கிறார்கள். நானும் பாதி அவர்கள் பக்கம். ஆனால் அவர்கள் பார்வையாளர்களாகப் போனவர்கள். பெட்டிக்கு எதிரே நிற்கிறவருக்கு, பெட்டியைப் பார்க்க முடியாமல் கண்ணைத் திருப்பும்போது, எந்தப் பக்கம் திருப்பினாலும் பிடித்துக்கொள்ள ஒரு கொடி, ஓர் இறகு கிடைக்கிறதே, அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் தீர்ப்பு எழுத வேண்டும்.

இதற்கு நேர் எதிரான விடையும் உண்டு. ஸ்டாக்ஹோமின் காட்டுக் கல்லறையில், 1920-இல் குன்னார் ஆஸ்ப்லுண்ட் கட்டிய சிற்றாலயம். பைன் மரங்களுக்கு நடுவே செங்குத்தான கறுப்புக் கூரை, பன்னிரண்டு வெள்ளைத் தூண்கள், கூரைமேல் கார்ல் மில்லெஸ் செய்த பொன்முலாம் பூசிய மரண தேவதை. உள்ளே வெள்ளைக் குவிமாடம், உச்சியிலிருந்து வெளிச்சம், அதற்குக் கீழே பெட்டி. சுவரில் பேச்சே இல்லை. கட்டடக்கலைப் பாடநூல்கள் ஆஸ்ப்லுண்டைத் தூக்கிவைக்கின்றன. 1994-இல் அந்தக் கல்லறை முழுவதும் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. சேர வேண்டியதுதான். ஆனால் மௌனம்தான் துக்கத்துக்கு ஒரே மரியாதை என்று மாணவர்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. ஒப்பாரி வைக்கிற ஊரில் பிறந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காம்ப்டனுக்குத் திரும்புவோம். அங்கே பீடத்துக்கு மேலே இருக்கும் ஓவியம் மேரியின் கணவர் வரைந்தது. 'எங்கும் நிறைந்தது' என்ற தம் பெரிய ஓவியத்தின் சிறிய வடிவத்தை இந்த இடத்துக்கென்றே 1904-இல் வரைந்து கொடுத்தார். முக்காடிட்டதுபோல் இறகுகளும் துணியும் சூழ ஓர் உருவம். மடியில் நட்சத்திரங்கள் நிறைந்த கோளம். சிலுவையில்லை, கிறிஸ்துவும் இல்லை. பேராயர் பிரதிஷ்டை செய்த ஆலயத்தில் இது எப்படிப் பொறுத்துக்கொள்ளப்பட்டது என்று வியப்பாக இருக்கும். கட்டுமானச் செலவை அந்த முதியவர், எண்பதை ஒட்டிய வயதில், உருவப்படங்கள் வரைந்து சம்பாதித்துக் கொடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஓவியம் பீடத்துக்கு வந்த சில மாதங்களில், 1904 ஜூலை 1 அன்று, வாட்ஸ் இறந்தார். சிற்றாலயத்தைப் பிரதிஷ்டை செய்த அதே தேதி, ஆறு ஆண்டுகள் கழித்து. அவர் விருப்பப்படி உடலை எரித்தார்கள். அன்றைக்கு இங்கிலாந்தில் தகனம் புதிய சங்கதி. வோக்கிங் ஊரின் தகனமேடையில் முதல் உடல் எரிந்தது 1885-இல்தான். ஆக, மண்ணில் புதைப்பதற்காக ஊர் வாங்கிய நிலத்தில் சாம்பலாக வந்து சேர்ந்தார். குன்றின் மேல்பக்கம் மேரி ஒரு தூண் மண்டபம் எழுப்பி அவருக்கு நினைவிடம் அமைத்தார். பிற்பாடு இன்னொரு சாம்பலும் இங்கே வந்தது. 1963-இல் லாஸ் ஏஞ்சலீசில் காலமான எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லியின் சாம்பலை, 1971-இல் இங்கே பெற்றோரின் கல்லறையில் வைத்தார்கள்.

வியாழக்கிழமை வகுப்பு சிற்றாலயத்தோடு நின்றுவிடவில்லை. அது காம்ப்டன் குயவர் கலைக்கூட்டமாக வளர்ந்தது. தோட்டத் தொட்டிகளும் பாத்திரங்களும் செய்து லண்டன் லிபர்ட்டி கடை வரை விற்றார்கள். 1950-களில்தான் மூடினார்கள். கல்லறைத் தோட்டத்தில் நடந்தால் பளிங்குக்கும் கருங்கல்லுக்கும் நடுவே சுடுமண் கல்லறை அடையாளங்களும் நிற்பதைப் பார்க்கலாம். அவையும் அந்தக் கூட்டத்தின் கைவேலையே. ஊரின் மண்ணில் ஊரார் செய்த அடையாளம், ஊராருக்கு. இது எல்லா நாட்டிலும் ஒரு காலத்தில் சாதாரணமாக நடந்ததுதான். இயந்திரம் வந்த பிறகு திட்டமிட்டு நடத்த வேண்டியதாகிவிட்டது.

இனிப் பெயருக்கு வருகிறேன். இங்கிலாந்தில் கட்டடங்களைப் பாதுகாக்கும் பட்டியலில் இந்தச் சிற்றாலயத்துக்கு முதல் தர இடம் கொடுத்திருக்கிறார்கள். அங்கே உச்ச மதிப்பு அதுதான். ஆனால் ஊரும் உலகமும் அதை 'வாட்ஸ் சிற்றாலயம்' என்றுதான் அழைக்கின்றன. வாட்ஸ் என்றால் எல்லோருக்கும் அந்த ஓவியர்தான் நினைவுக்கு வருகிறார். அவர் பணம் கொடுத்தார், ஒரு படம் கொடுத்தார். தரைப்படம், பட்டை, வாசல், உட்சுவர், சூளை, வகுப்பு, விளக்க நூல், எல்லாம் மேரியுடையவை. பிரிட்டனின் கட்டடக் கலைஞர்களுக்கான அரச நிறுவனம் முதல் பெண் உறுப்பினரைச் சேர்த்துக்கொண்டதே 1898-இல்தான். ஈதெல் சார்ல்ஸ் என்பவர். அதே ஆண்டில்தான், கட்டடக்கலைப் பட்டமோ உறுப்புரிமையோ இல்லாத மேரியின் கட்டடம் பிரதிஷ்டையானது. மேரி 1938 வரை வாழ்ந்தார். கணவரைப் பற்றிப் பல தொகுதிகளில் வாழ்க்கை வரலாறு எழுதினார். தன்னைப் பற்றி அப்படி நூல் எதுவும் எழுதவில்லை.

இங்கே கட்டடக்கலை படிக்கும் மாணவர்கள் பலர் இருக்கிறீர்கள். லண்டனுக்குப் போகும் வாய்ப்பு கிடைத்தால், வாட்டர்லூ நிலையத்தில் கில்ட்ஃபோர்டுக்கு ரயில் ஏறுங்கள்; அங்கிருந்து காம்ப்டன் பக்கம்தான். வாசலில் நிறைய நேரம் நில்லுங்கள். உள்ளே போக அவசரப்பட வேண்டாம். திரும்பி வந்து கட்டுரை எழுதினால், தேர்வில் விடை எழுதினால், 'வாட்ஸ் கட்டியது' என்று எழுதாதீர்கள். மேரி வாட்ஸும் காம்ப்டன் ஊராரும் கட்டியது என்று முழுமையாக எழுதுங்கள்.